முப்பது டால்பின்களும் மூன்றாம் ஓடுபாதையும்

வியாழன், துங் சுங்

சன்னல் ஓர இருக்கை கேட்டு வாங்கியும் பயனில்லை. ஏப்ரல் மாத ஹாங்காங்கில் மேகமா புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெளுப்பு. கடல் கண்ணில் பட்ட சில விநாடிகளில் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன.

தரை என்று எழுதிவிட்டேன். அதில் பெரும்பகுதி கடல். செக் லாப் கோக் என்றொரு மலைத்தீவு இங்கே இருந்தது. அதையும் பக்கத்திலிருந்த லாம் சாவ் என்ற குட்டித் தீவையும் வெட்டித் தட்டையாக்கி, சுற்றியிருந்த கடலை நிரப்பி 1998இல் இந்த விமான நிலையத்தைத் திறந்தார்கள். சுமார் 1,250 ஹெக்டேர் பரப்பில் முக்கால் பங்கு முன்பு தண்ணீராக இருந்தது. அது போதவில்லை என்று 2016 ஆகஸ்டில் வடக்குப் பக்கம் இன்னொரு 650 ஹெக்டேர் கடலை நிரப்பத் தொடங்கினார்கள். மூன்றாவது ஓடுபாதை அதன்மேல்தான் கிடக்கிறது. நீளம் 3,800 மீட்டர். மொத்தத் திட்டச் செலவு 14,150 கோடி ஹாங்காங் டாலர். 2022 ஜூலையில் அதில் விமானங்கள் இறங்கத் தொடங்கின. 2024 நவம்பர் 28 முதல் மூன்று ஓடுபாதைகளும் சேர்ந்து இயங்குகின்றன.

அந்த 650 ஹெக்டேரில் சீன வெள்ளை டால்பின்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்காகத்தான் வந்திருக்கிறேன்.

சாலை, துறைமுகம் என்று திட்டங்கள் வரும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாராகும் அல்லவா, அதில் பறவைகள், பாலூட்டிகள் பற்றிய அத்தியாயத்துக்குக் களப்பணி செய்து எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. விடுமுறையிலும் அதே வேலையா என்று வீட்டில் சலித்துக்கொண்டார்கள். தங்கியிருப்பது விமான நிலையத்துக்கு எதிரே, லாந்தாவ் தீவிலுள்ள துங் சுங் நகரில், சித்தி மகன் வீட்டில். "டிஸ்னிலேண்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தம்பி. அதை விட்டுவிட்டு மீன் பார்க்கவா வந்தீர்கள்?" என்று அண்ணி கேட்டார். அது மீன் இல்லை என்று நான் தொடங்குவதற்குள் சாம்பார் வந்துவிட்டது.

வெள்ளி, கம்பி வண்டியில்

துங் சுங்கிலிருந்து இங்கோங் பிங் புத்தர் சிலைக்குப் போகும் கம்பி வண்டி 5.7 கிலோமீட்டர் நீளம். எல்லோரும் புத்தருக்காக ஏறுகிறார்கள். எனக்கு அதன் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். வண்டி விரிகுடாவைக் கடந்து விமான நிலையத் தீவின் ஓரத்தைத் தொட்டு, அங்கே திரும்பி மலையேறுகிறது. வெளுப்பு கொஞ்சம் விலகியிருந்தது.

மேலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. கண்ணெதிரே விமான நிலையம். அதன் கிழக்கே ஹாங்காங்–ஜுஹாய்–மக்காவ் பாலத்துக்காகக் கடலில் எழுப்பிய சோதனைச் சாவடித் தீவு. அதுவும் நூறு ஹெக்டேருக்கு மேல். பாலம் 2018 அக்டோபரில் திறந்தது. துங் சுங் நகரையும் விரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் கடலைத்தான் நிரப்பினார்கள். இவற்றுக்கு நடுவே மிச்சமிருக்கும் தண்ணீரில் கப்பல்கள், மண் ஏற்றிய தட்டைப் படகுகள், வேகப் படகுகள். ஒரு விலங்கு மூச்சுவிட மேலே வரவேண்டும், சத்தத்தைக் கேட்டு இரை தேடவேண்டும், குட்டியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றால் எந்த வழியாகப் போகும் என்று விரலால் கண்ணாடியில் கோடு போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த குடும்பம் என்னை ஒருமாதிரி பார்த்தது.

புத்தரைப் பற்றி எழுத எதுவுமில்லை. பெரியவர், படிகள் அதிகம்.

சனி, மழை

நாள் முழுக்க மழை. அண்ணியின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து மூன்றாம் ஓடுபாதை அறிக்கையோடு உட்கார்ந்தேன். ஹாங்காங்கில் இந்த அறிக்கைகள் எல்லாமே பொதுமக்கள் படிக்கத் திறந்து கிடக்கின்றன. 1998 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படி. இந்த அறிக்கைக்கு 2014 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

முதலில் நியாயமாகப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். டால்பின் கணக்கெடுப்பை ஓராண்டுக்கும் மேலாகச் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவத் தரவோடு காரியம் முடிந்துவிடும்; மூன்று மாதத்தில் ஒரு காட்டைத் தெரிந்துகொண்டதாக நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே படகில் நேர்கோட்டுத் தடங்களில் போய் எண்ணியிருக்கிறார்கள், நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டிருக்கிறார்கள், தீவுகளின் உச்சியில் நில அளவைக் கருவியை நிறுத்தி ஒவ்வொரு டால்பினும் போன பாதையைக் குறித்திருக்கிறார்கள். கட்டுமானம் தொடங்கிய பிறகும் மாதாமாதம் கண்காணிப்பு அறிக்கை. 100 கிலோமீட்டர் தேடினால் எத்தனை கூட்டம், எத்தனை விலங்கு என்று இரண்டு எண்கள். அவை ஒரு வரம்புக்குக் கீழே போனால் விசாரணை.

பாதிப்பைக் குறைக்கும் ஏற்பாடுகளும் ஒப்புக்கு எழுதியவை அல்ல. அந்தக் கடலடியில் பழைய மாசுபட்ட சேற்றைப் புதைத்த குழிகள் இருந்தன. தோண்டினால் அத்தனையும் கலங்கும். ஆகவே தோண்டாமல், சேற்றுக்குள்ளேயே சிமெண்டைச் செலுத்திக் கலந்து தூண் தூணாக இறுகவைத்து அதன்மேல் நிரப்பினார்கள். வேலை நடக்கும் இடத்திலிருந்து 250 மீட்டருக்குள் டால்பின் தென்பட்டால் வேலையை நிறுத்தவேண்டும். விமான நிலையத்திலிருந்து மக்காவ் போகும் வேகப் படகுகள் சுற்றுப்பாதையில், 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) வேகத்துக்கு மிகாமல் போகவேண்டும். இவற்றோடு சுமார் 2,400 ஹெக்டேரில் ஒரு கடல் பூங்கா. இத்தனையும் செய்தால் மிஞ்சும் பாதிப்பு ஏற்கத்தக்கது என்பது அறிக்கையின் முடிவு.

இனி வில்லங்கம்.

எந்த மதிப்பீட்டுக்கும் தொடக்க நிலை என்று ஒன்று வேண்டும். திட்டம் வராவிட்டால் இங்கே என்ன இருந்திருக்கும் என்பதுதான் அது. லாந்தாவ் தீவைச் சுற்றியுள்ள கடலில் 2003இல் 188 டால்பின்கள் இருந்ததாக அரசுக் கணக்கெடுப்பு சொன்னது. 2012இல் 61. மூன்றாம் ஓடுபாதைக்கான ஆய்வுப் படகுகள் கிளம்பியது அந்த நேரத்தில்தான். பாலத்துக்கான கடல் வேலைகளும் அப்போது மும்முரம். அதாவது, ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்ட, போய்க்கொண்டும் இருந்த ஒரு கூட்டத்தை எண்ணி, அதையே தொடக்க நிலை என்று எழுதினார்கள். எண்ணியதில் பொய்யில்லை. ஒவ்வோர் எண்ணும் சரி. ஆனால் 188 என்ற எண்ணின் மீது யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விட்டது. பாலம் தன் பங்கை மட்டும் சொல்லும். ஓடுபாதை தன் பங்கை மட்டும் சொல்லும். பல திட்டங்களின் திரண்ட தாக்கம் என்று ஒரு பகுதி அறிக்கையில் உண்டு. நானும் அந்தப் பகுதியை எழுதுகிறவன். அது எப்போதும் கடைசியில், களைத்துப்போன பக்கங்களில் வரும்.

2018இல் எண்ணிக்கை 32. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஏறி இறங்கினாலும் பழைய அறுபதை எட்டவில்லை.

இரண்டாவது வில்லங்கம் காலம். கடல் பூங்காவை முதலில் அமைத்துவிட்டு, பிறகு நிரப்புங்கள் என்று டால்பின் ஆய்வாளர்களும் சூழல் அமைப்புகளும் அப்போதே கேட்டார்கள். கட்டுமானப் படகுகள் ஓடும் கடலில் பூங்கா எப்படி என்பது எதிர்வாதம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2016 இறுதியில் தள்ளுபடியானது. வடக்கு லாந்தாவ் கடல் பூங்கா நடைமுறைக்கு வந்தது 2024 நவம்பர் 1. ஓடுபாதைகள் முழுதாக இயங்கத் தொடங்கிய அதே மாதம். கட்டுமானத்தின்போது விலகிப்போகும் டால்பின்கள் முடிந்ததும் திரும்பிவரும் என்ற எதிர்பார்ப்பின் மேல் எட்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

அண்ணி இட்லி மாவு அரைத்துக்கொண்டே எட்டிப்பார்த்தார். "வாடகைக்கு இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டு, எட்டு வருடம் கழித்து வீடு தயார் என்று கடிதம் போடுவது போல இருக்கிறதே" என்றார். நாற்பது பக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க ஒரு முன்னுதாரணமும் கைவசம் இருந்தது. பாலத்துக்கு ஈடாக 2016 டிசம்பரில் பிரதர்ஸ் தீவுகளைச் சுற்றி ஒரு கடல் பூங்கா அமைத்தார்கள். ஒருகாலத்தில் டால்பின்கள் விரும்பி வந்த இடம் அது. லாந்தாவின் அந்த வடகிழக்குக் கடலில் இப்போது அவற்றைப் பார்ப்பதே அபூர்வம். பூங்கா இருக்கிறது, மிதவைகள் இருக்கின்றன.

ஞாயிறு, தாய் ஓ

11ஆம் எண் பஸ்ஸில் மலையைச் சுற்றி தாய் ஓ போய் இறங்கினால் முதலில் வரவேற்பது மணம். இறால் விழுது வெயிலில் காயும் மணம். நாகப்பட்டினத்துக் கருவாட்டுச் சந்தையில் நின்று பழகியவனுக்கு அது வீட்டு வாசனை. பஸ்ஸில் வந்த மற்றவர்கள் கைக்குட்டை எடுத்தார்கள். கால்வாயின் இருபுறமும் கால்கள் ஊன்றிய வீடுகள். நுழைவிலேயே "டால்பின், டால்பின்" என்று படகுக்கு ஆள் பிடிக்கிறார்கள். முதலில் அதில் ஒன்றில் ஏறினேன். அரை மணி நேரச் சவாரி. வீடுகளைக் காட்டிவிட்டுக் கடலுக்குள் சீறிக்கொண்டு போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிட்டது. டால்பின் இருக்கும் கடலில் 10 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வகுத்த நடத்தை விதி சொல்கிறது. ஓட்டியவர் அதைப் படித்திருப்பதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் வேறொரு படகு. ஆறு பேர், நிதானமாக ஓட்டும் ஒரு முதியவர், வழிகாட்டியாக ஓர் இளம்பெண். அவர் ஆய்வுப் படகுகளில் கண்காணிப்பாளராக இருந்தவர் என்று பேச்சுக்கொடுத்தபோது தெரிந்தது. பிறகு நான் அவரை விடவில்லை. தென்மேற்கே ஃபான் லாவ் முனைப் பக்கம் போனோம். மிஞ்சியிருப்பவை இப்போது பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குக் கடலில்தான்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கையை நீட்டினார்.

முதலில் முதுகு. பெயரில்தான் வெள்ளை. நிறம் இளஞ்சிவப்பு, ஆனால் படங்களில் பார்க்கும் மிட்டாய் நிறம் இல்லை. வெந்நீரில் குளித்து வந்தவரின் தோல் நிறம். அந்த நிறம் சாயமல்ல, தோலுக்கடியில் ஓடும் இரத்தம். உடல் வெப்பத்தை ஆற்றிக்கொள்ளும்போது கூடும், குறையும். மேலே வந்து, புஸ் என்று மூச்சை விட்டு, முதுகை வளைத்து உள்ளே போயிற்று. பின்னாலேயே சாம்பல் புள்ளிகள் நிறைந்த இளையது ஒன்று. பிறக்கும்போது கரிய சாம்பல். வளர வளரப் புள்ளிகள் உதிர்ந்து சிவக்கும். தாய் ஏறக்குறைய பதினோரு மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். அடுத்ததற்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். 188இலிருந்து 32க்கு இறங்கப் பதினைந்து ஆண்டு போதுமாக இருந்தது. ஏறுவதற்கு அதுபோல் எத்தனை பதினைந்து வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வழிகாட்டி கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் மேலே ஒரு சிறு வெட்டு, கீழே நகத்தால் கிள்ளியது போல இன்னொன்று, அடியில் மூன்று சாம்பல் புள்ளிகள். கைப்பேசியில் இருந்த அடையாளப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினார். அதே வெட்டு, அதே கிள்ளல். புள்ளிகள் மட்டும் இன்னும் நிறைய. பழைய படம். பெயருக்குப் பதில் எண். தொடக்கம் "என்.எல்."

"இந்த எழுத்துகள் முதலில் பார்த்த இடத்தைக் குறிக்கும். இது வடக்கு லாந்தாவ்" என்றார்.

"இப்போது அங்கே போவதில்லையா?"

"நான் அங்கே வேலை பார்த்த நாள்களில் இதை அங்கே பார்க்கவில்லை."

கண்காணிப்பு அறிக்கையில் இது "நடமாட்டப் பரப்பில் மாற்றம்" என்று வரும். இடம் மாறிவிட்டதே, பிழைத்துக்கொண்டது என்று படிப்பவர் நினைக்கலாம். மேற்குக் கடலில் ஏற்கெனவே இருந்தவை எங்கே போகும், அங்கே மீன் எத்தனை பேருக்குப் போதும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒன்று மட்டும் உதவியிருக்கிறது: 2012 கடைசி நாளிலிருந்து ஹாங்காங் கடலில் இழுவலை மீன்பிடிப்பு தடை.

திரும்பும் வழியில் அவர் 2020ஐப் பற்றிச் சொன்னார். பெருந்தொற்றில் மக்காவ் படகுகள் மொத்தமாக நின்றன. சில வாரங்களிலேயே வேகப் படகுத் தடங்களில் டால்பின்கள் வரத் தொடங்கின. ஆய்வாளர்கள் ஒலிவாங்கியோடு ஓடினார்கள். அமைதி கிடைத்தால் வரும் என்பதற்கு அதைவிட நல்ல சோதனையை எந்த அறிக்கையும் வடிவமைத்திருக்க முடியாது. ஆனால் அன்று வெற்றாகக் கிடந்தது படகுத் தடம். 650 ஹெக்டேர் அப்படி வெற்றாகாது.

திங்கள், லாமா தீவு

எதிர்க்கட்சிக்கும் ஒரு நாள் கொடுக்கவேண்டும். விமான நிலையம் ஓர் உயிரினத்தைக் கெடுக்காமல் விட்டதற்கும் இதே இடத்தில் சான்று இருக்கிறது.

ரோமர் மரத்தவளை உலகத்தில் ஹாங்காங்கில் மட்டும் உண்டு. 1952இல் லாமா தீவின் குகை ஒன்றில் ஜான் ரோமர் கண்டெடுத்தார். அந்தக் குகை இடிந்து போக, தவளையும் போய்விட்டதென்றே நினைத்தார்கள். 1984இல் மீண்டும் அகப்பட்டது. செக் லாப் கோக்கிலும் இருந்தது. மலையை வெட்டப்போகிறார்கள் என்றதும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் அங்கே போய் இருநூறுக்கும் மேற்பட்ட தவளைகளைப் பிடித்தார்கள். ஒரு பங்கு மெல்போர்ன் விலங்குக்காட்சிசாலைக்கே போயிற்று. கூண்டில் பெருக்கி, குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் ஹாங்காங்கில் எட்டு இடங்களில் விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டன.

இரவு எட்டு மணிக்கு யுங் ஷூ வான் துறைக்கு மேலே, ஓடை ஓரத்தில் டார்ச்சோடு குந்தியிருந்தேன். சில்வண்டு என்று முதலில் தோன்றும் சன்னமான "ட்ரிக்". சருகைத் தொடாமல் விளக்கைச் சாய்த்துக்கொண்டே போனால், இலை நரம்பின் மேல் ஒன்று. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு முதுகில் பேனாவால் போட்டது போன்ற பெருக்கல் குறி. தொண்டை உப்பியது, சத்தம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது. கொசு என்னைத் தின்றது.

மீன் இல்லாத ஒரு சிறு குட்டை, நிழல், சருகு. இந்தத் தவளைக்கு இவ்வளவு போதும். பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம், வேறிடத்தில் அதையே அமைத்தும் தரலாம். "இடமாற்றம் மூலம் பாதிப்பு தவிர்க்கப்படும்" என்று நாங்கள் எழுதும் வரி இதற்குப் பொருந்துகிறது. இந்தக் கடலில் வந்து கலக்கும் பெர்ல் ஆற்று முகத்துவாரத்தின் கலங்கல் நீரில், நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்து மீனைத் தின்று, நாற்பது ஆண்டு வாழும் விலங்குக்கு அதே வரியைப் படியெடுத்து ஒட்டமுடியாது. ஆனால் ஒட்டுகிறோம். படிவத்தில் அதற்கான கட்டம் ஒன்றுதான்.

செவ்வாய், விமான நிலையம்

எஸ்1 பஸ், காபி. காபி சுமார்.

காத்திருக்கும் நேரத்தில் விமான நிலையத்தின் அடுத்த திட்டத்தைப் படித்தேன். 2025 ஜனவரியில் அறிவித்த "ஸ்கைடோபியா": கண்காட்சி அரங்கம், கடைகள், உணவுச் சந்தை, அவற்றோடு 500க்கும் மேற்பட்ட உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறை. தீவை ஒட்டிய கடலில், ஞாயிறன்று பார்த்த அந்தத் துடுப்புக்கு எண் கொடுத்த அதே வடக்கு லாந்தாவ் பக்கம்.

வழியனுப்ப வந்திருந்த அண்ணியிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "இதற்கும் அறிக்கை எழுதுவார்களா, தம்பி?" என்றார். எழுதுவார்கள், நன்றாகவே எழுதுவார்கள். அது வெளிவந்தவுடன் நான் நேராகத் தொடக்க நிலை அட்டவணைக்குப் போவேன். டால்பின் என்ற வரிசையில் எந்த ஆண்டின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். 2003ஆம் ஆண்டு எண் என்றால் மீதியைப் படிக்க உட்காருவேன். 2024 என்றால், அந்தக் கடலுக்கு ஏறக்குறைய பூச்சியம் என்று இருக்கும். பூச்சியத்துக்கு எந்தப் படகுத்துறையாலும் பாதிப்பு வராது என்று அடுத்த பக்கத்தில் அவர்கள் எழுதுவதற்கு வசதியாக.